எரிஞ்சது எங்கே போச்சு? வேதிச் சமன்பாடு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில், ஆறாவதிலிருந்து எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்கு மாலையில் அறிவியல் சொல்லித் தருகிறேன். வேதிச் சமன்பாடு வரும் மாதத்தில் கேள்விகளும் வரிசைகட்டி வந்துவிடும். பிள்ளைகள் கேட்பார்கள், கூட்டிப்போக வரும் அப்பா அம்மா கேட்பார்கள், புதிதாகப் பாடம் எடுக்க வந்த தம்பி தங்கைகள் போனில் கேட்பார்கள். வருஷா வருஷம் அதே சந்தேகம்தான், சொல் மட்டும் மாறும். சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

பொருண்மை அழியா விதின்னா என்ன டீச்சர்? ஒரே வரியில சொல்லுங்க.

வினைக்கு முன்னால் எல்லாவற்றையும் சேர்த்து எவ்வளவு எடையோ, வினை முடிந்த பிறகும் எல்லாவற்றையும் சேர்த்து அவ்வளவே எடை. சில புத்தகங்களில் நிறை மாறா விதி என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான்.

அந்த வரியில் "எல்லாவற்றையும் சேர்த்து" என்பதைத்தான் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். அரிசி மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டை நெல்லை அரைத்து அரிசியை மட்டும் எடை போட்டுப் பார்த்து, மீதி அழிந்துபோச்சு என்று யாரும் சொல்வதில்லை. தவிடு எங்கே, உமி எங்கே, நொய் எங்கே என்று கேட்போம். வேதிவினையில் பல நேரம் அந்த உமி காற்றாக இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குக் கணக்கு வராமல் இல்லை. காற்றைக் கணக்கில் எழுத மறந்துவிடுகிறார்கள், அவ்வளவுதான். என் அனுபவத்தில் பத்துக்கு எட்டு சந்தேகம் இங்கேதான் முளைக்கிறது.

விறகு எரிஞ்சா ஒரு கை சாம்பல்தானே மிச்சம்? மீதி அழிஞ்சுதானே போச்சு?

அழியவில்லை, போய்விட்டது. கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் புகையாகவும் கூரை வழியாகப் போனதை எடை போடவில்லை. அதைவிட வேடிக்கை, எரியும்போது வெளியிலிருந்து ஆக்சிஜன் உள்ளே வந்து சேர்கிறது. அதனால் சாம்பலையும் போன வாயுக்களையும் சேர்த்து எடை போட்டால் விறகின் எடையைவிடக் கூடுதலாகவே வரும்.

விறகுக்கு நேர் கணக்கு போடுவது கஷ்டம், கேஸ் சிலிண்டருக்குப் போடலாம். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ வாயு. அது முழுக்க எரிய ஏறக்குறைய 51 கிலோ ஆக்சிஜன் காற்றிலிருந்து வேண்டும். வெளியே வருவது சுமார் 43 கிலோ கார்பன் டை ஆக்சைடு, 22 கிலோ நீராவி. இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பாருங்கள், இந்தப் பக்கமும் 65, அந்தப் பக்கமும் 65. ஒரு சிலிண்டர் தீர்வதற்குள் உங்கள் அடுப்படி ஜன்னல் வழியாக 65 கிலோ சத்தமில்லாமல் வெளியேறியிருக்கிறது என்று சொன்னால் பிள்ளைகள் முதலில் நம்புவதில்லை, அடுத்த கேள்வி அதனால்தான் வரும்.

காத்துக்கு எடை இருக்கா? அது தராசுல நிக்கவே நிக்காதே?

இருக்கிறது. ஒரு லிட்டர் காற்று சுமார் 1.2 கிராம். பத்தடிக்குப் பத்தடி, உயரமும் பத்தடி உள்ள ஒரு அறையில் இருக்கும் காற்று 30 கிலோவுக்கு மேல் வரும், பெரிய அரிசிச் சிப்பத்தைவிடக் கனம்.

சொன்னால் போதாது, காட்ட வேண்டும். ஒரு கால்பந்தை வடிவம் மட்டும் நிற்கும் அளவுக்குக் காற்றோடு எடை போடுங்கள். அப்புறம் பம்பால் கல்லு மாதிரி அடித்து மறுபடி எடை போடுங்கள். சில கிராம் கூடியிருக்கும். நகைக்கடைத் தராசு மாதிரி 0.01 கிராம் காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று இருந்தால் நல்லது, ஒரு கிராம் காட்டும் சமையல் தராசிலும் தெரியும். இதைச் செய்யாமல் சமன்பாட்டுக்குப் போகவே போகாதீர்கள். நான் முதல் வருஷம் போனேன், மூன்று வாரம் வீண்.

நெல்லு காயப்போட்டா எடை குறையுதே, அதுவும் வேதிவினையா?

இல்லை. ஈரம் ஆவியாகிப் போகிறது, தண்ணீர் தண்ணீராகவே போகிறது. இது இயற்பியல் மாற்றம். ஆனால் விதி இதற்கும் பொருந்தும், போன தண்ணீரைப் பிடித்து எடை போட முடிந்தால் கணக்கு நேராகும்.

கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பார்கள் (மழை வருஷத்தில் தளர்த்துவதும் உண்டு). இதை வைத்து ஒரு கணக்கு கேளுங்கள்: 20 சதவீத ஈரம் உள்ள 100 கிலோ நெல்லை 17-க்குக் காயவைத்தால் எத்தனை கிலோ நிற்கும்? வகுப்பே ஒரே குரலில் 97 என்று சொல்லும். தப்பு. காய்ந்த சரக்கு 80 கிலோ, அது மாறாது. அது புது எடையில் 83 சதவீதம் ஆக வேண்டும், அப்படியானால் மொத்தம் 96.4 கிலோ. எது மாறவில்லையோ அதைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போடுவது என்றால் என்ன என்று பிள்ளைகளுக்கு இங்கே பிடிபடுகிறது. சமன்பாட்டில் அப்படிப் பிடித்துக்கொள்வது அணு எண்ணிக்கையை.

வகுப்புல செஞ்சு காட்ட எது சுலபம்? எங்ககிட்ட லேப் எல்லாம் இல்ல.

இரண்டு போதும். முதலாவது வாயு வராதது. வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பை ஒரு பாட்டில் தண்ணீரில் கலக்கி ராத்திரி முழுக்கத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் ஒரு டம்ளரில் எடுங்கள். இன்னொரு டம்ளரில் சலவைச் சோடா கரைத்த தண்ணீர். இரண்டு டம்ளரையும் சேர்த்துத் தராசில் வைத்து எடை குறித்துக்கொண்டு, ஒன்றை மற்றதில் ஊற்றுங்கள், காலி டம்ளரையும் தராசிலேயே வையுங்கள். பால் மாதிரி வெளுத்துவிடும், புதுப்பொருள் வந்துவிட்டது, எடை அப்படியே இருக்கும். கையில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், கலந்ததை யாரும் வாயில் வைக்கக் கூடாது.

இரண்டாவது வாயு வருவது. 600 மில்லி பிளாஸ்டிக் சோடா பாட்டில் எடுங்கள். தண்ணீர் பாட்டில் வேண்டாம், அது மெல்லிசு. கண்ணாடி கூடவே கூடாது. அதில் 50 மில்லி வினிகர். 3 கிராம் ஆப்பசோடாவை, அதாவது அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் கூட, டிஷ்யூத் தாளில் சுருட்டிக்கொள்ளுங்கள். பாட்டில், மூடி, சுருள் எல்லாவற்றையும் சேர்த்து எடை. சுருளை உள்ளே போட்டுச் சட்டென்று இறுக்கி மூடுங்கள். நுரைத்து அடங்கும், பாட்டில் கெட்டியாகும், எடை மாறாது. இப்போது மூடியை மெதுவாகத் திருகுங்கள். உஸ்ஸ் என்ற சத்தத்தோடு ஒரு கிராமுக்கு மேல் குறையும். அந்தச் சத்தம்தான் பாடம். சோடா அளவைக் கூட்டாதீர்கள், பாட்டிலுக்கு மேல் முகத்தை வைக்க விடாதீர்கள்.

பலூன் மாட்டித்தான் எல்லாரும் செய்றாங்க. நான் செஞ்சப்ப மூடியிருந்தும் ஒரு கிராம் குறைஞ்சுது. எங்க தப்பு?

உங்கள் மேல் தப்பு இல்லை. எனக்கும் இதே கதிதான். பல வருஷம் முன்னால் ஒரு பள்ளியில் நாற்பது பிள்ளைகள் முன்னால் பாட்டில் வாயில் பலூன் மாட்டி, பலூன் அழகாக உப்பி நிமிர்ந்தது, தராசு ஒரு கிராம் குறைத்துக் காட்டியது. "எங்கேயோ கசியுது" என்று சொல்லி மழுப்பினேன். முதல் வரிசையில் இருந்த ஒரு பையன் எழுந்து வந்து பலூன் வாயைச் சுற்றி எச்சில் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தான், சைக்கிள் டியூப் பஞ்சர் பார்க்கிற மாதிரி. வரவில்லை. "கசியலையே டீச்சர், அப்ப விதி தப்பா?" என்றான். எனக்குப் பதில் தெரியவில்லை.

பதில் இதுதான். குளத்தில் தண்ணீருக்குள் இருக்கும்வரை குடம் கனக்காது, மேலே தூக்கினால்தான் கனக்கும். காற்றும் அப்படியே தாங்கும், கொஞ்சமாக. பலூன் உப்பி ஒரு லிட்டர் இடத்தைப் புதிதாகப் பிடித்துக்கொண்டால், அந்த இடத்தில் இருந்த 1.2 கிராம் காற்று விலகிப்போகிறது, அந்த அளவுக்குச் சுற்றியுள்ள காற்று பலூனை மேலே தாங்குகிறது. நிறை குறையவில்லை, தராசு குறைத்துக் காட்டுகிறது. சோடா பாட்டில் உப்பாது, அதனால் அதில் இந்தத் தொல்லை இல்லை. பலூன் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் இந்தப் பாடத்துக்கு அது ஆகாது என்பது என் கட்சி.

சமன்பாடுன்னு சொல்றோம், ஏன் சமக்குறி போடாம அம்புக்குறி போடறோம்?

இரண்டு பக்கமும் ஒரே பொருள் இல்லை, இது அதுவாக மாறுகிறது. மாற்றத்துக்கு அம்பு. சமமாக இருப்பது அணு எண்ணிக்கையும் நிறையும் மட்டும்.

சமன் செய்யறதுன்னா என்னதான் பண்ணணும்? எங்க பையன் எண்ணைப் போட்டுப் போட்டு அழிக்கிறான், நோட்டே கிழிஞ்சுபோச்சு.

நோட்டை மூடிவிட்டுப் பல்லாங்குழியை எடுக்கச் சொல்லுங்கள். இதை நான் கண்டுபிடிக்கவில்லை, ஏழாவது படித்த ஒரு பெண் பாட்டியின் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து செய்து காட்டினாள். ஏழு ஏழாக இரண்டு வரிசைக் குழி. மேல் வரிசை வினைக்கு முன், கீழ் வரிசை வினைக்குப் பின். முதல் குழி கார்பன், இரண்டாவது ஹைட்ரஜன், மூன்றாவது ஆக்சிஜன். காய்க்குப் புளியங்கொட்டை, ஒரு கொட்டை ஒரு அணு. கடைசியில் மேலும் கீழும் குழிக்குக் குழி ஒத்துவர வேண்டும். இரண்டே சட்டம்: ஒற்றைக் காய் போடக் கூடாது, முழு மூலக்கூறாகத்தான், அதாவது அணுக்கள் சேர்ந்த கட்டாகத்தான் போட வேண்டும். போட்டதை எடுக்கக் கூடாது, தேவைப்பட்டால் இன்னொரு மூலக்கூறு சேர்க்கலாம்.

சாண எரிவாயுவில் எரிவது மீத்தேன்: ஒரு கார்பன், நான்கு ஹைட்ரஜன். மேலே ஒரு மீத்தேன், ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு போட்டால் குழிகளில் 1, 4, 2. கீழே ஒரு கார்பன் டை ஆக்சைடு, ஒரு தண்ணீர் போட்டால் 1, 2, 3. கார்பன் சரி. ஹைட்ரஜன் கீழே இரண்டு குறைகிறது, அதனால் கீழே இன்னொரு தண்ணீர், இப்போது 1, 4, 4. மேலே ஆக்சிஜன் இரண்டு குறைகிறது, இன்னொரு ஆக்சிஜன் மூலக்கூறு. முடிந்தது. எத்தனை முறை எதைப் போட்டோமோ அதுதான் முன்னால் எழுதும் எண்: 1 மீத்தேன் + 2 ஆக்சிஜன் → 1 கார்பன் டை ஆக்சைடு + 2 தண்ணீர். எடையும் பார்த்துக்கொள்ளலாம், ஒரு ஹைட்ரஜன் அணுவின் எடையை 1 என்று வைத்தால் கார்பன் 12, ஆக்சிஜன் 16. அப்படிக் கூட்டினால் 16 + 64 ஒரு பக்கம், 44 + 36 மறுபக்கம், இரண்டும் 80.

எதில் தொடங்குவது என்று கேட்பார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு பொருளில் மட்டும் இருக்கும் தனிமத்தில் தொடங்குங்கள், தனியாக நிற்கும் ஆக்சிஜனைக் கடைசிக்கு விடுங்கள். பெரும்பாலும் ஓடும்.

கீழ இருக்கற சின்ன எண்ணை மாத்தினா சீக்கிரம் முடிஞ்சிடுமே? எச்2ஓ-வை எச்2ஓ2 ஆக்கிட்டா ஆக்சிஜன் சரியாயிடும்ல?

ஆகும், ஆனால் தண்ணீர் இருக்காது. எச்2ஓ2 என்பது ஹைட்ரஜன் பெராக்சைடு, புண்ணில் ஊற்றினால் நுரைக்குமே, அது. குடிக்கத் தண்ணீர் கேட்டவருக்கு அதைக் கொடுப்பீர்களா?

தண்ணீரை ஒரு மாட்டுவண்டி என்று வையுங்கள்: ஒரு வண்டி, இரண்டு மாடு. கீழே உள்ள சின்ன எண் ஒரு வண்டிக்கு எத்தனை மாடு என்பது. முன்னால் போடும் பெரிய எண் எத்தனை வண்டி என்பது. சந்தைக்கு இன்னும் இரண்டு மாடு போக வேண்டும் என்றால் இன்னொரு வண்டி பூட்டுவோமே தவிர ஒரே வண்டியில் நான்கு மாட்டைக் கட்ட மாட்டோம். பல்லாங்குழியில் ஒற்றைக் காய் கூடாது என்ற சட்டமும் இதற்காகத்தான்.

இடது பக்கம் மூணு மூலக்கூறு, வலது பக்கம் ரெண்டு. அப்ப ஒண்ணு அழிஞ்சிடுச்சே?

நல்ல கேள்வி, நன்றாகப் படிக்கிற பிள்ளைதான் இதைக் கேட்கும். இரண்டு ஹைட்ரஜன் மூலக்கூறும் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறும் சேர்ந்து இரண்டு தண்ணீர் மூலக்கூறு ஆகிறது. மூன்று இரண்டானது. மூலக்கூறு எண்ணிக்கை மாறாமல் இருக்கும் என்று விதி எங்கேயும் சொல்லவில்லை. அணுவை எண்ணுங்கள், அங்கே ஆறு, இங்கே ஆறு. நிறை 4 + 32, இந்தப் பக்கம் 36. மூன்று வீட்டில் இருந்த ஆறு பேர் இரண்டு வீட்டுக்குக் குடிபோனார்கள், ஆள் குறையவில்லை.

அரை, ஆறரைன்னு வந்தா விடை தப்பா?

கணக்காகத் தப்பில்லை, எழுதும் வழக்கத்துக்கு ஒத்துவராது. சிலிண்டரில் இருக்கும் பியூட்டேனை எடுத்துக்கொள்ளுங்கள், 4 கார்பன், 10 ஹைட்ரஜன். ஒரு பியூட்டேனுக்கு 4 கார்பன் டை ஆக்சைடு, 5 தண்ணீர், ஆக்சிஜன் ஆறரை. அரை மூலக்கூறு என்று தனியாக எதுவும் இல்லை, அதனால் மொத்தத்தையும் இரட்டிப்பாக்கி 2, 13, 8, 10 என்று எழுதுகிறோம். ஒரு ஆளுக்கு ஆறரை இட்லி என்றால் இரண்டு ஆளுக்குப் பதிமூன்று என்று சொல்கிற மாதிரி.

பிள்ளை ஆறரை வரை வந்துவிட்டால் அதை அடித்துத் தப்புப் போடாதீர்கள். விஷயம் பிடிபட்டுவிட்டது, இரட்டிப்பாக்குவது ஒரு நிமிட வேலை.

யூரியா மூட்டையில நைட்ரஜன் 46 சதவீதம்னு போட்டிருக்கு. மீதி 54 என்ன, கலப்படமா?

இது ஒரு அப்பா கேட்டது, கையில் காலி மூட்டையோடு. கலப்படம் இல்லை. யூரியா மூலக்கூறு ஒன்றில் ஒரு கார்பன் (12), ஒரு ஆக்சிஜன் (16), இரண்டு நைட்ரஜன் (28), நான்கு ஹைட்ரஜன் (4). மொத்தம் 60. அதில் நைட்ரஜன் 28, அதாவது நூற்றுக்கு 46.67. மீதி கார்பனும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும். அவை இல்லாமல் நைட்ரஜனை மூட்டை கட்ட முடியாது, தனியாக விட்டால் அது காற்று. 45 கிலோ மூட்டையில் 20.7 கிலோ நைட்ரஜன் உங்களுக்கு வருகிறது.

அவர் அதோடு விடவில்லை. "போட்டதெல்லாம் பயிருக்குப் போகுதா?" என்றார். போவதில்லை. யூரியா 60 கிராமும் தண்ணீர் 18 கிராமும் சேர்ந்து 34 கிராம் அம்மோனியாவும் 44 கிராம் கார்பன் டை ஆக்சைடும் ஆகின்றன, இரண்டு பக்கமும் 78. அந்த அம்மோனியாவில் ஒரு பங்கு காற்றோடு போய்விடுகிறது, வெயிலில் தூவிவிட்டு வந்தால் இன்னும் அதிகம். அழியவில்லை, வயலை விட்டுப் போகிறது. காசு போனது போனதுதான் என்றார் அவர். அதற்கு என்னிடம் சமன்பாடு இல்லை.

நெல்லு மண்ணுல இருந்துதானே வளருது? அப்ப வயல் மண்ணு வருஷா வருஷம் குறையணுமே?

இதே சந்தேகம் ஒருவருக்கு முந்நூற்று எழுபது வருஷத்துக்கும் முன்னால் வந்தது. வான் ஹெல்மான்ட் என்பவர் தொட்டியில் சுமார் 90 கிலோ காய்ந்த மண்ணை எடை போட்டு வைத்து, அதில் ஒரு சின்ன மரக்கன்றை நட்டு, ஐந்து வருஷம் தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் ஏறக்குறைய 75 கிலோ கூடியது. மண் 60 கிராம்கூடக் குறையவில்லை. அவர் இறந்த பிறகு 1648-ல் இது அச்சில் வந்தது. மரம் முழுக்கத் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவுகட்டினார், அங்கே கோட்டை விட்டார். வேடிக்கை என்னவென்றால் 'கேஸ்' என்ற சொல்லையே உண்டாக்கியவர் அவர்தான், அவரே காற்றைக் கணக்கில் விட்டுவிட்டார். உங்கள் பிள்ளை மறப்பதில் ஆச்சரியம் இல்லை.

நெல்லின் எடையில் பெரும்பங்கு காற்றிலிருந்து வந்த கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும். 264 கிராம் கார்பன் டை ஆக்சைடு, 108 கிராம் தண்ணீர் சேர்ந்து 180 கிராம் குளுக்கோஸும் 192 கிராம் ஆக்சிஜனும் ஆகின்றன. கூட்டினால் இரண்டு பக்கமும் 372. மண்ணிலிருந்து வருவது தழை, மணி, சாம்பல் சத்துகள், கொஞ்சம்தான், ஆனால் இல்லாமல் முடியாது.

துருப்பிடிச்சா இரும்பு தேஞ்சுபோகுது. நீங்க எடை கூடும்னு சொல்றீங்களே?

உதிர்ந்த துருவையும் சேர்த்து எடை போடுங்கள், கூடும். 224 கிராம் இரும்போடு 96 கிராம் ஆக்சிஜன் சேர்ந்து 320 கிராம் இரும்பு ஆக்சைடு (நிஜத் துருவில் தண்ணீரும் சேர்ந்திருக்கும், இன்னும் கொஞ்சம் கூடும்). நடவு சீசனில் களத்தில் போட்டுவைத்த மண்வெட்டி இளைப்பதற்குக் காரணம் துரு மண்ணில் உதிர்ந்துவிடுவதுதான்.

துருவுக்குக் காத்திருக்க முடியாது, எரித்தே காட்டலாம். ஹார்டுவேர் கடையில் பாலிஷ் போட விற்கும் மெல்லிய இரும்பு நார் வாங்கி, ஒரு குச்சியின் ஒரு முனையில் கட்டி, மறுமுனையில் ஆணி கட்டிச் சமமாகத் தொங்கவிடுங்கள். நாரில் தீ வையுங்கள். பொறி பறந்து, எரிந்து முடிந்ததும் அந்தப் பக்கம் தாழும். எரிந்தால் எடை குறையும் என்று பந்தயம் கட்டிய பையன்களின் முகத்தைப் பார்க்க வேண்டும். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நார் எரியாது, நான் அதை வாங்கி ஏமாந்திருக்கிறேன்.

சுட்ட சுண்ணாம்புல தண்ணி ஊத்தினா கொதிக்குதே. அந்தச் சூடு எடையில இருந்துதானே வருது?

சூட்டைத் தராசில் நிறுத்த முடியாது. கொதிக்கும்போது ஆவியாகும் தண்ணீரைத்தான் தராசு குறைத்துக் காட்டும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும் சுண்ணாம்பின் முழுக் கணக்கையும் பாருங்கள். சிப்பியைக் காளவாயில் சுட்டால், சுத்தமான 100 கிலோவுக்கு 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும், 44 கிலோ கார்பன் டை ஆக்சைடு போய்விடும். அந்த 56 கிலோ 18 கிலோ தண்ணீரைக் குடித்து 74 கிலோ நீற்றுச் சுண்ணாம்பு ஆகிறது. அதைச் சுவரில் அடித்தால் காற்றிலிருந்து மெல்ல மெல்ல 44 கிலோ கார்பன் டை ஆக்சைடைத் திரும்ப இழுத்துக்கொண்டு 18 கிலோ தண்ணீரை விடுகிறது. மறுபடி 100 கிலோ, சிப்பியில் இருந்த அதே பொருள். சுவரில் சிப்பியைப் பூசியிருக்கிறோம்.

மூன்று சமன்பாடு, ஒரு சுற்று, எல்லாம் தெரிந்த சரக்கு. எட்டாவதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதையெல்லாம் கண்டுபிடிச்சது யாரு? பரீட்சைக்கு வேணும்.

பரீட்சைக்கு லவாய்சியர் என்று எழுதுங்கள். பிரெஞ்சுக்காரர், 1743-ல் பிறந்தவர், அப்போது நம்ம காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போய் நான்கு வருஷம். மூடிய பாத்திரத்தில் வைத்து முன்னும் பின்னும் எடை போட்டவர், 1789-ல் வந்த தன் பாடநூலில் விதியைத் தெளிவாக எழுதினார். அவருக்கு முன்பே ரஷ்யாவில் லோமனோசோவ் 1756-ல் மூடிய கலத்தில் உலோகத்தைச் சூடாக்கிப் பார்த்து எடை மாறவில்லை என்று கண்டிருந்தார்.

லவாய்சியருக்கு வரி வசூல் கம்பெனியில் பங்கு இருந்தது. வரவு செலவில் ஊறிய ஆள் வேதியியலுக்கும் கணக்குப் புத்தகம் திறந்தார் என்று நான் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. அந்த வரி வசூலே 1794-ல் புரட்சிக்காரர்கள் கையில் அவர் தலையை வாங்கியது.

அணுகுண்டுல பொருள் அழிஞ்சு சக்தியா மாறுதுன்னு யூடியூப்ல பார்த்தேன். அப்ப விதி பொய்யா?

அணுக்கரு வினையில் நிறை குறைவதை அளக்க முடியும். 1945-ல் ஹிரோஷிமாவில் வெடித்த குண்டில் அவ்வளவு நாசத்துக்கும் சக்தியாக வெளிப்பட்டது ஒரு கிராமுக்கும் குறைவான நிறை. வேதிவினையிலும் கொள்கைப்படி மிக மிகச் சின்னக் குறைவு உண்டு. ஹைட்ரஜன் எரிந்து 36 கிராம் தண்ணீர் உண்டாகும்போது வெளியேறும் சூட்டுக்கான நிறை, ஒரு கிராமை நூறு கோடிப் பங்கு போட்டு அதில் ஆறு பங்கு. நம் தராசு மட்டுமில்லை, நகைக்கடைத் தராசும் அதைப் பார்க்காது. கேட்கிற பிள்ளைக்கு இதை அப்படியே சொல்லிவிடுங்கள், மறைக்க வேண்டாம். கேட்காத பிள்ளைக்கு இழுத்துக்கொண்டு போகவும் வேண்டாம்.

சூடம் எரிஞ்சா சாம்பல்கூட இல்லையே டீச்சர்? அது சுத்தமா அழிஞ்சுதானே போகுது?

விறகுக்குச் சொன்ன பதில்தான், சாம்பலாக நிற்க உப்புச் சத்து எதுவும் சூடத்தில் இல்லை, அதனால் மொத்தமும் வாயுவாகப் போகிறது. தட்டில் கரி பிடிக்கிறதே, அது ஆக்சிஜன் போதாமல் பாதியில் நின்ற கார்பன். முழுக்க எரிந்தால் கணக்கு இப்படி: சூடம் மூலக்கூறில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். இரண்டு சூடம் + 27 ஆக்சிஜன் மூலக்கூறு → 20 கார்பன் டை ஆக்சைடு + 16 தண்ணீர். நிறை இரண்டு பக்கமும் 1168.

சமன் செய்யக் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பதிமூன்றரை வந்து இரட்டிப்பாக்க வேண்டியிருக்கும், அதனால் இதைக் கடைசி நாளுக்கு வைத்திருப்பேன். போன வருஷம் பல்லாங்குழி கொண்டுவந்த அதே பெண்தான் புளியங்கொட்டை போதாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடி வாங்கிவந்து போட்டு முடித்தாள். கார்பன் 20, ஹைட்ரஜன் 32, ஆக்சிஜன் 56. கூட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் ஒருமுறை கூட்டினாள். "டீச்சர், ஒரு பக்கத்துக்கு 108 வருது" என்றாள்.